டேனிஷ் சேர் ஆடுது, கிறீச்சுங்குது, கறுத்துப் போச்சு: அறிகுறி வாரியா என்ன பண்ணலாம்

இது கோபன்ஹேகன் பக்கம் செகண்ட் ஹேண்ட் கடையிலயோ, ஞாயித்துக்கிழமை லொப்பெமார்க்கெட்லயோ (பழைய சாமான் சந்தை), வீடு காலி பண்றவங்க கிட்டயோ ஒரு பழைய சேரை ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்து, வீட்ல வெச்ச ரெண்டாவது வாரமே "இது என்னடா சத்தம்"னு முழிக்கிறவங்களுக்கு. புதுசா வாங்கக் கட்டுப்படியாகாத சாமான் பழசா கைக்கு எட்டுற விலைல கிடைக்கும், ஆனா கூடவே ஏதோ ஒரு நோயும் வரும், அது சகஜம்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஃபெவிகாலையும் ஆணியையும் கொஞ்ச நேரம் தள்ளி வைங்க. ஸ்காண்டிநேவியன் சாமான்ல நல்லது எதை எடுத்தாலும் தேயற பாகம் தனி, தேயாத பாகம் தனி. உட்கார்ற கயிறு தேயும், சட்டம் தேயாது. காலுக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் செத்துப் போகும், பலகை இருக்கும். செத்ததை மட்டும் கழட்டி மாத்துற மாதிரிதான் பண்ணி வெச்சிருக்காங்க. நான் பார்த்த வரைக்கும் பாதி சேதம் வயசானதால வந்தது இல்ல, நடுவுல யாரோ ரிப்பேர்ங்கிற பேர்ல பண்ணி வெச்சது. அதனால அறிகுறியைப் பார்த்து, எந்தப் பாகம் போயிருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் தொடுங்க.

அறிகுறி: உட்கார்ற பின்னல் தொங்குது, இல்ல ஒரு கயிறு அறுந்து நிக்குது

இது பெரும்பாலும் காகிதக் கயிறு. ஆமா, காகிதம்தான், முறுக்கி மெழுகு ஏத்தின காகிதம். ரெண்டாம் உலகப் போர்ல கடற்புல் கிடைக்காம போனப்போ டென்மார்க்ல மாத்தா வந்தது, அப்புறம் அதுவே நிலைச்சிடுச்சு. ஹான்ஸ் வெக்னர் 1949ல டிசைன் பண்ணி 1950லேர்ந்து கார்ல் ஹான்சன் கம்பெனி இன்னிக்கு வரைக்கும் பண்ணிட்டு இருக்கிற ஒய் சேர்ல, அதாவது முதுகுல ஒய் எழுத்து மாதிரி கவை இருக்குமே அந்த விஷ்போன் சேர்ல, சுமார் 120 மீட்டர் கயிறு போகுது. போர்கெ மொகென்சன் 1947ல டென்மார்க் கூட்டுறவு சங்கத்துக்காகப் பண்ணின ஜே39ங்கிற சேரும் இதே கயிறுதான்.

முதல்ல சேரைத் தலைகீழா கவுத்து அடிப்பக்கத்தைப் பாருங்க. மேல நல்லா இருக்கிற மாதிரி தெரியும், விஷயம் எல்லாம் அடியிலதான். முன்பக்கச் சட்டத்து மேல, தொடை படுற இடத்துல விரலை வெச்சு ஓட்டுங்க. கயிறு பஞ்சு பஞ்சா முடி கிளம்பின மாதிரி இருந்தா அது தேய்மானம், இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும். கயிறு வழவழன்னு நல்லா இருக்கு ஆனா பின்னல் மொத்தமா குழிஞ்சிருக்குன்னா முறுக்கு தளர்ந்திருக்கு, இல்ல பின்னினவர் ஆரம்பத்துலயே இழுத்துக் கட்டல. ஒரே ஒரு கயிறு மட்டும் பட்டுன்னு அறுந்திருந்தா, யாரோ லைட் மாட்டுறதுக்கு ஷூவோட ஏறி நின்னிருப்பாங்க, இல்ல பூனை.

நம்ம ஊர்ப் பிரம்புச் சேருக்கு ஒரு வைத்தியம் உண்டு, அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு நனைச்சு காய விட்டா பின்னல் தானா இறுகும். அதை நினைச்சுட்டு காகிதக் கயிறை நனைக்காதீங்க, இது பிரம்பு இல்ல. அழுக்குன்னா நல்லா பிழிஞ்ச துணியால துடைச்சா போதும், காபி கொட்டினா உடனே ஒத்தி எடுக்கணும், தேய்ச்சா கறை உள்ள இறங்கும்.

ஒத்தைக் கயிறு அறுந்ததுக்கு ஒட்டுப் போடுறது தற்காலிகம்தான். அறுந்த ரெண்டு நுனியையும் அடிப்பக்கமா இழுத்து, அதே தடிமன் கயிறு ஒரு துண்டு சேர்த்து முடிச்சுப் போட்டு, முடிச்சு உள்பக்கம் மறையற மாதிரி தள்ளி விட்டீங்கன்னா கொஞ்ச நாளைக்கு ஓடும். ரெண்டு மூணு இடத்துல அறுந்தா மொத்தமா வெட்டி எடுத்துட்டு புதுசா பின்னிடுங்க. பழக்கப்பட்டவங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவாங்க, நமக்கு ஒரு முழு நாள் ஆகும், அடுத்த நாள் தோள்பட்டை வலிக்கும்.

வெட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க, மேல கீழ ரெண்டும். ஏன்னா பின்னல் ஒரே மாதிரி இல்ல. ஒய் சேர்ல கவரை மடிச்ச மாதிரி நாலு முக்கோணம் நடுவுல வந்து சேரும், சட்டத்தைச் சுத்திச் சுத்தித்தான் போகும். வேற சில சேர்ல, மோலர் சேர் மாதிரி, சட்டத்தோட உள்பக்கம் எல் வடிவ ஆணி வரிசையா அடிச்சிருக்கும், கயிறு அதுல மாட்டித் திரும்பும். அந்த ஆணியைப் பழசுன்னு பிடுங்கிப் போட்டுட்டா போச்சு, திரும்ப அதே ஓட்டைல பிடிக்காது. இன்னொன்னு, முன்சட்டம் பின்சட்டத்தைவிட நீளம், அதனால முதல்ல முன்பக்க ரெண்டு மூலையிலயும் மட்டும் சில சுத்து சுத்தி அந்த வித்தியாசத்தை நிரப்பிட்டுத்தான் முழுச் சுத்து ஆரம்பிக்கணும். இதை விட்டுட்டா பாதி தூரம் போனப்புறம் கயிறு கோணலா போகும், அப்ப எல்லாத்தையும் பிரிக்கணும். கயிறுலயும் ரெண்டு ரகம் இருக்கு, வழவழன்னு ஒண்ணு, கயிறு முறுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு, பழைய துண்டை ஒரு கவர்ல போட்டுக் கடைக்கு எடுத்துட்டுப் போய் காட்டி வாங்குங்க.

அறிகுறி: சேர் மொத்தமா ஆடுது, உட்கார்ந்து எழுந்தா மூட்டு கிறீச்சுங்குது

தேக்கு, ஓக் சேர், 50கள் 60கள்ல வந்தது. மூட்டுல பசை விட்டுப் போயிருக்கு. எந்த மூட்டுன்னு கண்டுபிடிக்க சேரைத் தரைல வெச்சு, ஒரு கையால பின்காலைப் பிடிச்சு மறு கையால முன்காலை மெதுவா தள்ளுங்க, காதைப் பக்கத்துல வைங்க. ஆடுற மூட்டுல ஒரு மெல்லிசான கோடு தெரியும், தள்ளும்போது அது மூச்சு விடுற மாதிரி திறந்து திறந்து மூடும். அங்க மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போட்டுக்கோங்க.

இப்ப எல்லாரும் பண்ற தப்பு, அந்தக் கோட்டுல புதுப் பசையைப் பிதுக்கி விடுறது. பழைய பசை மேல புதுப் பசை பிடிக்காது, மரத்தோட மரம் சேர்ந்தாத்தான் பிடிக்கும். நாலு மாசத்துல திரும்ப ஆடும், அதோட உள்ள ரெண்டு பசை சேர்ந்து கல்லு மாதிரி ஆகி அடுத்தவன் கழட்டவே முடியாது. எல் வடிவ இரும்புப் பட்டை அடிச்சு ஸ்க்ரூ போடுறது அதைவிட மோசம், பாரம் மூட்டுல இறங்காம ஸ்க்ரூல இறங்கும், ஒரு நாள் சட்டமே பிளந்துடும்.

சரியான வழி கழட்டுறதுதான். ஒரு மூட்டு ஆடுச்சுன்னா பக்கத்து மூட்டும் அரைகுறையாத்தான் இருக்கும். கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) இருந்தா நல்லது, இல்லைன்னா சுத்தியலுக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையைத் துணி சுத்தி வெச்சு, சின்னச் சின்னத் தட்டா தட்டுங்க. அடம் பிடிச்சா மூட்டுல வெதுவெதுப்பான வினிகரை ஊசியால சொட்டு சொட்டா விட்டு ஊற விடுங்க, பழைய பசை அதுல இளகும். தட்டுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு, மூட்டுல குறுக்கால சின்ன ஆணியோ மரக்குச்சியோ அடிச்சிருக்கான்னு பார்த்துடுங்க, இருக்கிறப்ப தட்டினா கழுந்து, அதாவது ஓட்டைக்குள்ள மாட்டுற முனை, உடையும்.

கழட்டினதும் கழுந்துல இருக்கிற பசையைச் சுரண்டுங்க, மரத்தைச் சுரண்டாதீங்க. உப்புத்தாள் போட்டு தேய்ச்சீங்கன்னா கழுந்து மெலிஞ்சு ஓட்டைல லூசாகிடும், அதனால பிளேடு முதுகோ மழுங்கின உளியோ போதும். அப்புறம் பசை இல்லாம ஒரு தடவை மாட்டிப் பாருங்க. சரியா உட்கார்ந்தா கழட்டி, பசை தடவி, மாட்டி, இறுக்கணும். பெரிய க்ளாம்ப் இல்லையா, நாலு காலையும் சுத்திக் கயிறு கட்டி நடுவுல ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்க, க்ளாம்ப் கொடுக்கிற இறுக்கம் வரும், கயிறு படுற இடத்துல அட்டை வைங்க. முறுக்கின உடனே சமதளமான மேஜை மேல நிக்க வெச்சு நாலு காலும் தரையில படுதான்னு பாருங்க, பசை காய்ஞ்சப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. ஒரு நாள் தொடாம விடுங்க.

அறிகுறி: மூணு கால் ஸ்டூல் ஆடுது

இது சுலபம். மூணு கால் ஸ்டூல் எப்பேர்ப்பட்ட கோணல் தரையா இருந்தாலும் ஆடாது, மூணு புள்ளி எப்பவும் ஒரே தளத்துல உட்காரும். அதனால ஆடுதுன்னா தரை மேல பழி போடாதீங்க, கால் லூஸ். ஆல்வார் ஆல்டோ 1933ல பண்ணின ஸ்டூல் 60, ஃபின்லாந்து சரக்கு, பிர்ச் மரம். காலோட மேல் நுனில நீளவாக்குல ரம்பத்தால கீறி, கீறலுக்குள்ள மெல்லிய மரத் தகடு பசையோட செருகி, வளைச்சு எல் மாதிரி ஆக்கியிருப்பாங்க, அந்த வளைஞ்ச பாகம் பலகைக்கு அடில ஸ்க்ரூ போட்டு நிக்கும். கவுத்து ஸ்க்ரூவை இறுக்குங்க, முடிஞ்சது. ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு இறுகலைன்னா ஓட்டைல ரெண்டு மூணு பல் குத்துற குச்சியைப் பசை தொட்டுத் திணிச்சு, காய்ஞ்சப்புறம் நறுக்கிட்டு அதே ஸ்க்ரூவைப் போடுங்க. நீளமான ஸ்க்ரூ போட்டா மேல் பலகைல மூக்கு நீட்டும்.

அறிகுறி: வளைஞ்ச ப்ளைவுட் சேர், உட்கார்ந்தா அடில "டக் டக்"னு கேக்குது

ஆர்னெ யாக்கப்சனோட எறும்பு சேர் 1952, செவன் சேர் 1955, ரெண்டும் இந்தக் குடும்பம், ஸ்கூல் கேன்டீன் ஆபீஸ்னு டென்மார்க் முழுக்க இருக்கும், அதனால பழசு நிறையக் கிடைக்கும். பலகைக்கும் ஸ்டீல் காலுக்கும் நடுவுல ரப்பர் இருக்கு, அது வருஷக்கணக்குல காய்ஞ்சு கல்லாகி வெடிச்சிடும், அப்புறம் இரும்பு நேரா மரத்துல இடிக்கும். கவுத்துப் பாருங்க, நடுவுல வட்டமா மூடி இருந்தா மெதுவா நெம்பி எடுங்க, அடில ஸ்க்ரூ. ரப்பரை நகத்தால அழுத்துங்க, நகம் பதியலைன்னா மாத்துங்க. உதிரியாவே கிடைக்குது. ஸ்க்ரூ மட்டும் பழசையே போடணும், அந்தப் பலகை ரொம்ப மெலிசு.

இதே சேர்ல ஒரு அறிகுறிக்கு வைத்தியமே கிடையாது. முதுகும் உட்கார்ற இடமும் சேர்ற இடுப்பு மாதிரி ஒடுங்கின பாகத்துல குறுக்கால முடி அளவு விரிசல். சாய்ஞ்சு சாய்ஞ்சு ஆடினதுல உள்ள இருக்கிற மரத் தகடு ஒவ்வொண்ணா விட்டுட்டு வந்திருக்கும். மேல பசை போட்டு பாலிஷ் போட்டு விக்கிறவங்க இருக்காங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்த இடத்துல விரல் நகத்தைக் குறுக்கால ஓட்டுங்க, நகம் எங்கயாவது மாட்டினா வாங்காதீங்க. ஏற்கனவே வீட்ல இருந்தா அது மேல செடி வைங்க, ஆள் உட்கார வேண்டாம்.

அதே எச்சரிக்கை வெர்னர் பான்டனோட ஒத்தை வார்ப்பு பிளாஸ்டிக் சேருக்கும் பொருந்தும். டேனிஷ் டிசைனர், தயாரிப்பு வித்ரா. 1967ல வந்து, 70கள்ல வேற பிளாஸ்டிக்குக்கு மாறி, அந்த பிளாஸ்டிக் வயசானா உடையுதுன்னு தெரிஞ்சு 1979ல நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்துதுல வளைவுக்கு அடில பலத்துக்காக விலா எலும்பு மாதிரி வரிகள் இருக்கும். அப்படி ஒண்ணு கிடைச்சா பார்க்க மட்டும். 1999லேர்ந்து வர்றது பாலிப்ரொப்பிலீன், அதுக்கு இந்தப் பயம் இல்ல.

அறிகுறி: ஈஸி சேர் குஷன் பள்ளத்துல விழுது, அடில பழுப்புத் தூள் கொட்டுது

குஷனைத் தூக்குங்க, ரப்பர் பட்டை வரிசையா தெரியும். தூள் அதுலேர்ந்துதான், இல்ல ஃபோம்லேர்ந்து. பட்டையை மடிச்சா வெடிக்குதுன்னா எல்லாத்தையும் மாத்துங்க, ஒண்ணு மட்டும் மாத்தினா அது மட்டும் பாரம் தாங்கி சீக்கிரம் போகும். அளவு எடுக்கும்போது இடைவெளியைவிடப் பத்துல ஒரு பங்கு கம்மியா வெட்டி இழுத்து மாட்டணும். ரொம்ப இழுத்தா சட்டத்தையே உள்ள இழுத்துடும்.

அறிகுறி: மரத்துல திட்டு, வட்டம், கறுப்பு

இங்கதான் ஆளாளுக்கு ஒண்ணு பூசி நாசம் பண்றாங்க. என்ன பூச்சு இருக்குன்னு தெரியாம எதையும் பூசாதீங்க. சேருக்கு அடில கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி வைங்க. முத்து மாதிரி நின்னா வார்னிஷ் வகை. மெதுவா இறங்கி மரம் கொஞ்சம் கருத்தா எண்ணெய். உடனே குடிச்சிடுச்சுன்னா சோப்பு போட்டது, இல்ல ஒண்ணுமே இல்ல.

சோப்பான்னு சிரிக்காதீங்க, டென்மார்க்ல ஓக், பீச், ஆஷ் மாதிரி வெளிர் மரத்துக்கு அதுதான் பரம்பரைப் பூச்சு. வாசனை, நிறம் எதுவும் சேராத சோப்புச் செதிலை வெந்நீர்ல கரைச்சு, ஆறினப்புறம் துணில தொட்டு மரத்து இழை வாக்குல தேய்ச்சு, அதிகமானதைத் துடைச்சுக் காய விடுவாங்க. மரம் வெளிறியே இருக்கும், எண்ணெய் போட்டா மஞ்சளாகிடும். அதனால சோப்பு போட்ட மேஜைல காபி வட்டம் விழுந்தா அந்த வட்டத்தை மட்டும் தேய்க்காம முழுப் பலகையையும் சோப்புத் தண்ணியால கழுவி மறுபடி போடுங்க, வட்டம் மங்கிடும். இல்லன்னா ஒரு இடம் மட்டும் பளிச்சுனு நிக்கும்.

வார்னிஷ் மேல வெள்ளை வட்டம்னா சூட்டுல ஈரம் உள்ள மாட்டியிருக்கு. அது மேல காட்டன் துணி விரிச்சு, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டுல ரெண்டு மூணு செகண்ட் வெச்சு எடுத்து எடுத்துப் பாருங்க, பல சமயம் போயிடும்.

ஓக்ல கறுப்பு, அதுவும் நீலம் கலந்த கறுப்புன்னா அது அழுக்கில்ல. ஓக்ல இயற்கையாவே இருக்கிற டானின்ங்கிற துவர்ப்புச் சத்து இரும்போடயும் தண்ணியோடயும் சேர்ந்தா கறுக்கும், இரும்புச் சட்டி அடில ஈரம் இருந்திருக்கும். பசங்க சொல்ற மாதிரி ஸ்டீல் வூல் போட்டு தேய்ச்சீங்கன்னா இரும்புத் துணுக்கு இழைக்குள்ள மாட்டி, அடுத்த ஈரத்துல மேஜை முழுக்கப் புள்ளி புள்ளியா கறுக்கும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் ரகம்தான் சரி. கறையை எடுக்க ஆக்ஸாலிக் ஆசிட் இருக்கு, ஆனா அது விஷம், கையுறை போட்டு, குழந்தை இல்லாத இடத்துல, கடைசில தண்ணியால கழுவணும்.

தேக்கு அலமாரின்னா உப்புத்தாள் மெஷினைக் கிட்டவே கொண்டு வராதீங்க. பெரும்பாலும் மேல ஒட்டினது ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிசான தேக்குத் தகடுதான், ஓரத்துல பார்த்தா இழை திரும்பாம வெட்டி நிக்கிறது தெரியும். எண்ணெய் போட்டா துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைல போடாதீங்க, ஆளி விதை எண்ணெய் ஊறின துணி காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காய விடுங்க, இல்ல தண்ணில முக்கி வைங்க.

அறிகுறி: மரக் குரங்கு கை தொங்குது, வாத்து வெளுத்துப் போச்சு

டேனிஷ் டிசைனர் கை பொயெசன் (Kay Bojesen) வெள்ளி வேலை கத்துக்கிட்டு வந்தவர், ஆனா ஊர் அவரை ஞாபகம் வெச்சிருக்கிறது 1951ல வந்த குரங்குக்காகத்தான், தேக்கும் லிம்பாங்கிற மரமும். குழந்தைங்க கோட்டு மாட்டுற கொக்கியா நினைச்சு ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க, அதனால தொங்கித் தொங்கி மூட்டு தளர்றது சகஜம். ஒட்டாதீங்க. கை அசையணும், அதுக்குத்தான் அது குரங்கு. மூட்டை டார்ச் அடிச்சுப் பார்த்து உள்ள பிடிச்சிருக்கிறது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு அதை மட்டும் மாத்துங்க. ஹான்ஸ் பொலிங்கோட வாத்துக் குடும்பம், 1959ல போலீஸ்காரர் டிராபிக்கை நிறுத்தி வாத்துங்களை ரோடு கடக்க விட்ட பேப்பர் போட்டோலேர்ந்து பிறந்தது, அதுவும் தேக்கு. ஜன்னலோரம் ஒரே பக்கமா வெச்சா ஒரு பக்கம் வெளுக்கும், அப்பப்ப திருப்பி வைங்க, வெளுத்த பக்கம் லேசா எண்ணெய் தொட்டுத் துடைச்சா கொஞ்சம் தேறும்.

அறிகுறி: சாப்பாட்டு மேஜை விளக்கு கண்ணைக் குத்துது

போல் ஹென்னிங்சென் 1958ல பண்ணின பிஎச்5, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பல்பு கண்ணுல படக்கூடாதுங்கிறதுக்காகவே தட்டு தட்டா அடுக்கினது. பல்பு கம்பெனிங்க அளவை மாத்திக்கிட்டே இருந்த கடுப்புலதான் இதைப் பண்ணார்னு கதை. குத்துதுன்னா ரெண்டே காரணம். உயரமா தொங்குது, மேஜைலேர்ந்து விளக்கோட அடி விளிம்பு வரைக்கும் 60 சென்டிமீட்டர் சுமாருக்கு இறக்குங்க. இல்ல நீலம் கலந்த வெள்ளை எல்இடி போட்டிருக்கீங்க, உள்ள சிவப்பும் நீலமும் பூசி நிறத்தைச் சரி பண்ணின விளக்கு அது, மஞ்சள் வெளிச்ச பல்பு போடுங்க, சாம்பார் சாம்பார் நிறத்துல தெரியும்.

அறிகுறி: குழந்தை சேர் கிறீச்சுங்குது

நார்வேல பேட்டர் ஒப்ஸ்விக் 1972ல பண்ணின ட்ரிப் ட்ராப். ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருப்பீங்க. எல்லா போல்ட்டையும் பாதி தளர்த்தி, சமதளத் தரைல நிக்க வெச்சு, மேல நல்லா அழுத்திக்கிட்டே ரெண்டு பக்கமும் மாறி மாறி ஆலன் கீயால இறுக்குங்க. சில வாரம் கழிச்சு இன்னொரு தடவை. கால் பலகை உயரத்தையும் பார்த்துக்கோங்க, குழந்தை வளர்ந்துடும், நாம பலகையை இறக்க மறந்துடுவோம்.

அறிகுறி: பெட்டில வந்த அலமாரி ஒரு பக்கம் சாயுது

ஐகியாவோட பில்லி மாதிரி அலமாரியை நிமிர்த்தி வெச்சிருக்கிறது பின்னாடி இருக்கிற மெல்லிசுப் பலகைதான். அதைக் கழட்டி, மூலைக்கு மூலை குறுக்கா அளந்து ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் தள்ளி, அப்புறம் ஆணி அடிங்க. தண்ணி பட்டு உப்பின தூள் பலகை திரும்பாது, விட்டுடுங்க. இழுப்பறை அலமாரியைச் சுவத்தோட கட்டாயம் பூட்டுங்க, 2016ல அமெரிக்கால மட்டும் 2.9 கோடி அலமாரியை ஐகியா திரும்பக் கூப்பிட்டது குழந்தைங்க மேல கவிழ்ந்து உயிர் போனதால. செங்கல் சுவருக்கும் ஜிப்சம் பலகைச் சுவருக்கும் வேற வேற பிளக்.

அறிகுறி: எறும்பு சேர்ல குனிஞ்சா முன்னாடி கவிழுது

கால் எண்ணிப் பாருங்க. மூணுதானா, அப்ப ரிப்பேர் இல்ல. யாக்கப்சன் நோவோ மருந்துக் கம்பெனி கேன்டீனுக்காகப் பண்ணினப்போ மூணு கால்தான் வெச்சார், உங்க ரெண்டு காலும் தரையில ஊன்றி இருக்கிற வரைக்கும் நிக்கும். ஓரத்துல உட்கார்ந்து கீழ விழுந்த ஸ்பூனை எடுக்கக் குனிஞ்சா நீங்களும் ஸ்பூன் பக்கத்துலதான். வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு இது வேண்டாம், அதே சேர் நாலு காலோடயும் கிடைக்குது, அதை வாங்கிக்கோங்க.